சாண் அளவு எஞ்சின்கள்



புதுதில்லி சாணக்கியபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977-இல் திறக்கப்பெற்றது. அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நமக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்துடன் சென்றுவர ஏற்ற இடம் அது. சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், அங்குள்ள 'எஃப் 734' என்னும் சிறிய எஞ்சினின் அருகே நம் மகள் நெடுநேரம் நின்றாள். 1895-இல் ஆஜ்மீர்ப் பணிமனையில் உருவான மீட்டர் பாதை எஞ்சின் அது. இந்தியாவிலேயே செய்யப்பெற்ற முதல் ரயில் எஞ்சின் என்னும் பெருமை அதற்கு உண்டு. "அப்பா, இதைப் போலவே சின்னதாக ஒன்று கடையில் கிடைக்குமா?" என்று கேட்டாள். கிடைக்கும் என்று வாக்களித்துவிட்டோம்.

வாக்குக் கொடுத்தபின் அல்லவா தேடத் தொடங்கினோம்! நகரத்துக் கடையொன்றில் ஜெர்மானிய எஞ்சின்கள் இருந்தன. ஆங்கிலேய எஞ்சின்கள் இருந்தன. நம் நாட்டு நீராவி எஞ்சின் ஒன்றேனும் இல்லை. கடைக்காரர் சிவப்பு வர்ணம் பூசிய ஒரு பொம்மை ரயிலை எடுத்துக் காட்டினார். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த எஞ்சினும் இல்லையே" என்று மேசைமீது வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. பொம்மைக்கு அளவு தேவையில்லை. நாம் கூறுவது சிற்றுரு. உண்மையான ஓர் எஞ்சினை ஆணி, குழாய், படிக்கட்டு முதலிய யாவற்றுடனும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்வது. உலகில் மிகுதியாக வழங்கும் விகிதம் எச்.ஓ. என்பது, அதாவது, 87-இல் ஒரு பங்கு. இக்கலையில் ஈடுபட்டோர், இன்ன எஞ்சினைச் செய்து தாருங்கள் என்று உற்பத்தியாளரைக் கேட்டவண்ணம் இருக்கின்றனர். பிரிட்டனில் இதற்கென வாக்கெடுப்பு நடத்திப் பட்டியல் வெளியிட்டதும் உண்டு.

நம் நாட்டு அன்பர்களைக் கேட்டால் முதலில் 'டபிள்யூ.பி.' என்பார்கள். துப்பாக்கிக் குண்டைப் போல் கூம்பிய மூக்குடைய அந்த எஞ்சின் 1947-இல் அமெரிக்காவின் பால்டுவின் தொழிற்சாலையிலிருந்து வந்தது. பின்னர் சித்தரஞ்சனிலும் செய்யப்பெற்று 1967 வரை உற்பத்தி தொடர்ந்தது. நேயர்களில் பலருடைய தந்தையாரோ பாட்டனாரோ பிழைப்புத் தேடி வடக்கே வந்தபோது ஏறிய ஜி.டி. எக்ஸ்பிரஸை இழுத்தது அதுவே. அடுத்து, வங்காள நாகபுரி ரயில்வேயின் காரட் எஞ்சினைச் சொல்வார்கள். ஒரே கொதிகலனுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு எஞ்சின்களைப் பூட்டியது போன்ற, 24 சக்கரங்கள் கொண்ட பூதம் அது.

இவை ஏன் எளிதில் செய்யப்படுவதில்லை? பணம் ஒரு காரணம். ஓர் எஞ்சினுக்குரிய எஃகு அச்சுகளைக் கடைவதற்கே பெருஞ்செலவாகும். பல்லாயிரம் பேர் வாங்கினாலன்றி அது திரும்பாது. எனினும் பெரிய தடை தண்டவாளத்தில் இருக்கிறது. எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் வழங்கும் 1,435 மில்லிமீட்டர்ப் பாதைக்கு அது சரியாகப் பொருந்தும். நம்முடைய அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வருகிறது. கடையில் விற்கும் தண்டவாளத்தில் டபிள்யூ.பி.யை ஓட்ட வேண்டுமானால் அதன் சக்கரங்களை உள்ளே நெருக்க வேண்டும். பருத்த மனிதர் ஒருவர் முக்காலியில் அமர்ந்தது போலிருக்கும். வெளியூர் நண்பர் பார்த்தால் அழகென்பார். அதில் பயணம் செய்தவர் கண்ணுக்குத் தப்பாது.

மீட்டர் பாதைக்கு இத்தொல்லை இல்லை. ஸ்விட்ஜர்லாந்தின் மலை ரயில்கள் பல மீட்டர் பாதையில் ஓடுவதால், அதற்குரிய 12 மில்லிமீட்டர்ச் சிறு தண்டவாளம் விற்பனையில் உள்ளது. கணக்குப்படி வேண்டுவது 11.5, அரை மில்லிமீட்டர் யார் கண்ணிலும் படாது. ஆகவே நம் வாக்கு நீலகிரி மலை ரயிலின் 'எக்ஸ்' எஞ்சினுக்கே. டபிள்யூ.பி. அன்பர்கள் பொறுத்தருள்க.

1914 முதல் ஸ்விட்ஜர்லாந்தின் வின்டர்தூர் நகரில் நீலகிரிக்கென்று செய்யப்பெற்ற எஞ்சின் அது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம், வெறுஞ்சக்கரம் வழுக்கிவிடும். ஆதலால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கீழொன்றும் மேலொன்றுமாக இரண்டு நீராவி உருளைகள். கீழுள்ளது சக்கரங்களைச் சுழற்றும். அதில் உழைத்து வெளியேறும் நீராவியே மேலுருளைக்குச் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றும். சமதரையில் மேலுருளையின் தண்டுகள் சும்மா நிற்கும். பற்சட்டத்தில் ஏறியதும் உயிர் பெறும். இதைச் சாண் அளவில் செய்துகாட்டும் உற்பத்தியாளரே கெட்டிக்காரர்!

ஒரே ஒரு மலைக்குரிய எஞ்சினை யார் வாங்குவர் என்று உற்பத்தியாளர் கேட்கலாம். அதே வின்டர்தூர் தொழிற்சாலை 1913, 1914 ஆண்டுகளில் அதே முறையில் ஸ்விட்ஜர்லாந்தின் ஃபுர்கா மலைப் பாதைக்கும் எஞ்சின்கள் செய்தது. அவற்றுட் சில 1947-இல் வியட்நாமுக்கு விற்கப்பட்டு, 1990-இல் தாய்நாடு திரும்பின. அந்த எஞ்சினின் சிற்றுருவை ஜெர்மனியின் பெமோ நிறுவனம் செய்து விற்றிருக்கிறது. அக்காளை வாங்கியவர்கள் தங்கையை வேண்டாமென்பார்களா? டார்ஜிலிங் எஞ்சினையும் பாருங்கள். அதற்கு 1997-இல் பிரிட்டனிலேயே ஒரு சங்கம் ஏற்பட்டது. உண்மையான நீராவியில் ஓடும் சிற்றுருக்களும் அங்கே கிடைத்தன. நீலகிரிக்காகக் கேட்க வேண்டியவர் நாம்.

கேட்பதென்றால் வெறும் ஆசையைச் சொன்னால் போதாது. அளவு, படம், நிறம் யாவும் கொடுக்க வேண்டும். சிறுவயதில் மயிலாடுதுறை நிலையத்தில் 'ஒய்.பி.' எஞ்சின்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். கரிப்புகையின் மணமும் கொதிநீர் சொட்டும் ஓசையும் இன்றும் நினைவிலுள்ளன. ஆனால் அதன் படிக்கட்டுகள் எத்தனை, விளக்கு எவ்விடத்தில் இருந்தது என்று மகள் கேட்டபோது விழித்தோம். ஒரு படம்கூட எடுத்துவைத்தோமில்லை. நீலகிரி எஞ்சினோ இன்னும் மலையேறிக்கொண்டிருக்கிறது. திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011 முதல் புதியனவும் செய்திருக்கிறார்கள். அளவெடுக்க இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

வரும் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மேட்டுப்பாளையத்தில் அந்த ரயிலேற எண்ணியிருக்கிறோம். வழியில் ஹில்கிரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும். அப்போது இறங்கி, மேலுருளையின் தண்டுகளை இருபுறமும் படம் எடுக்க வேண்டுமென்று நம் மகள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறாள். அந்தப் படங்களுடன் பெமோவுக்கு எழுதவேண்டிய ஆங்கிலக் கடிதத்தை மட்டும், மொழிபெயர்ப்பாளரென்று நம்மிடம் விட்டிருக்கிறாள்.