வேலைநிறுத்தம் இயற்கைச் சீற்றமா?

(தில்லி புசா ரோட்டில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய கூட்டத்துக்கு இந்தப் பொருளை அறிவித்தபோது ஒரு தோழர் கேட்டார்: “விமானத்தில் போகிறவர்களின் கவலை நமக்கு எதற்கு?” தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியல் உறுதியாகுமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அது இயல்பாக எழும் கேள்விதான். ஆனால் திருச்சி விமான நிலையத்தின் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி எடுத்து வருகிறவர்கள் யார்? துபாயில் கட்டடம் கட்டுகிறவர், மஸ்கட்டில் வண்டி ஓட்டுகிறவர், சிங்கப்பூர் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறவர், குவைத்தில் வீட்டுவேலை பார்க்கும் பெண். இவர்களுக்கு விமானம் சொகுசு அல்ல. வேலைக்குப் போகும் பேருந்து அது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்னும் மலிவுக் கட்டண நிறுவனம் 2005இல் பொதுத்துறையில் தொடங்கப்பட்டதும் முதன்மையாக வளைகுடாத் தொழிலாளர்களை முன்வைத்துத்தான்.

அந்த நிறுவனத்தில்தான் 2024 மே மாதம் நாம் இன்று பேசவேண்டிய போராட்டம் நடந்தது. மே 7ஆம் தேதி இரவு தொடங்கி, விமானங்களுக்குள் பணிபுரியும் கேபின் பணியாளர்கள் நூற்றுக்கணக்கில் உடல்நலமில்லை என்று அறிவித்து விடுப்பில் சென்றார்கள். இரண்டு மூன்று நாட்களில் 170க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. நிர்வாகம் 25 பேரை உடனடியாகப் பணிநீக்கம் செய்தது. மே 9ஆம் தேதி இங்கே தில்லியில், தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் சமரசப் பேச்சு நடந்தது. அந்த 25 பேரையும் மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ள நிர்வாகம் ஒப்புக்கொண்டது, ஊழியர்கள் பணிக்குத் திரும்பினார்கள்.

ஏன் இந்தப் போராட்டம்? 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியாவும் அதனோடு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ஏலத்தொகை 18,000 கோடி ரூபாய். அதில் ரொக்கமாக அரசுக்கு வந்தது 2,700 கோடி மட்டுமே, மீதி கடனை ஏற்றுக்கொண்ட கணக்கு. பிறகு முன்னாள் ஏர் ஏசியா இந்தியாவோடு இணைப்பு வேலை தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் பணியாற்றிய மூத்த பணியாளர்கள் நேர்காணலுக்கு வரவேண்டும், தேறினாலும் கீழ்ப்பதவிதான், படிகள் குறைப்பு, வெளியூரில் தங்கும்போது அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் — இவையே தொழிற்சங்கம் முன்வைத்த குறைகள். இவற்றில் நியாயம் இருக்கிறது என்று போராட்டத்துக்கு முன்பே தில்லியின் மண்டலத் தொழிலாளர் ஆணையர் டாடா குழுமத் தலைமைக்கு எழுதியிருந்தார். தொழிலாளர் சட்டங்கள் மீறப்படுகின்றன, சமரசப் பேச்சுக்கு முடிவெடுக்கும் அதிகாரமுள்ளவர்களை நிர்வாகம் அனுப்புவதில்லை என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. நாம் சொன்னதல்ல இது, அரசாங்க அதிகாரி சொன்னது.

இதுவரை சொன்னது நமக்குப் பழக்கமான கதை. அடுத்ததைச் சொல்லத்தான் நமக்கு நா எழுவதில்லை. அதே மே 8ஆம் தேதி திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒரு பெண் காத்திருந்தார். கணவர் மஸ்கட்டில் மருத்துவமனையில் கிடந்தார். அவரைப் பார்க்க எடுத்த பயணச்சீட்டு அது. விமானம் ரத்து. அவரால் போய்ச்சேர முடியவில்லை. மே 13ஆம் தேதி கணவர் இறந்துபோனார். உடல்தான் ஊருக்கு வந்தது. விசா முடியும் நாளன்று விமானம் ரத்தானவர்கள், வேலையில் சேரும் கெடு தவறிப்போனவர்கள் என்று இன்னும் எத்தனையோ பேர்.

இந்தப் பெண்ணிடம் போய் “வர்க்கப் போராட்டத்தில் சில சங்கடங்கள் தவிர்க்க முடியாதவை” என்று நம்மில் யாராவது சொல்லத் துணிவோமா? சொல்லவும் கூடாது. பயணிகள் பாதிக்கப்படவில்லை என்றோ, பாதிப்பு சிறியது என்றோ வாதிடுவது பொய். விமானம் நின்றால்தான் முதலாளி பேச வருவான், விமானம் நின்றால் பயணியும் நிற்பான். இரண்டும் உண்மை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: நிறுவனத்தின் முடிவுகளால் விளைந்த அந்த இழப்பை யார் ஈடுசெய்ய வேண்டும் என்று நம் நாட்டு விதி சொல்கிறது?

விதி என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனெனில் நம் தொழிற்சங்கத் தோழர்களிலேயே பலர் இதைப் படித்ததில்லை. முன்னறிவிப்பின்றி விமானத்தை ரத்து செய்தால், கட்டணத்தைத் திருப்பித் தருவது ஒருபுறமிருக்க, பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதை இழப்பீடாகத் தரவேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி கூறுகிறது. தொகையே அற்பம். அதற்கும் ஒரு விலக்கு உண்டு. நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய அசாதாரணச் சூழ்நிலை என்றால் இழப்பீடு கிடையாது. அசாதாரணச் சூழ்நிலை எவை என்ற பட்டியலில் இயற்கைப் பேரிடர், உள்நாட்டுப் போர், கலவரம், வெள்ளம், வெடிவிபத்து ஆகியவற்றோடு வேலைநிறுத்தமும் தொழில் தகராறும் சேர்க்கப்பட்டிருக்கின்றன!

தோழர்களே, அந்தப் பட்டியலை எழுதியவரின் வர்க்கப் பார்வை அதிலேயே தெரிகிறது. வெள்ளம் வருவதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல, சரி. ஊழியரின் சம்பளத்தை வெட்டுவதற்கும், பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பாமல் இருப்பதற்கும் பொறுப்பு யார்? மழையா? நிர்வாகமே மூட்டிய தகராறு வெடிக்கும்போது, அந்த வெடிப்பே நிர்வாகத்தைப் பயணியின் கோரிக்கையிலிருந்து காப்பாற்றுகிறது. இழப்பீடு கேட்டு வரும் பயணியிடம் நிறுவனம் சொல்ல வேண்டியதெல்லாம் “எங்கள் ஊழியர்கள் வேலைக்கு வரவில்லை” என்ற ஒரே வாக்கியம். அவருடைய கோபம் அப்படியே திரும்பி, சீருடை அணிந்து அடுத்த வாரம் எதிரே வந்து நிற்கும் பணிப்பெண்ணின் மேல் விழுகிறது.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 2016 செப்டம்பர் 30 அன்று ஜெர்மனியின் டுயிஃபிளை நிறுவனம் மறுசீரமைப்புத் திட்டம் ஒன்றைத் திடீரென்று அறிவித்தது. அடுத்த சில நாட்களில் ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக நோய்விடுப்பு எடுத்தார்கள். வழக்கமாகப் பத்து விழுக்காடாக இருந்த நோய்விடுப்பு, விமானிகளில் 89 விழுக்காடு வரையும் கேபின் பணியாளர்களில் 62 விழுக்காடு வரையும் உயர்ந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் நடந்ததன் அச்சு அசலான முன்னோடி. தொழிற்சங்கம்கூட அழைப்பு விடுக்கவில்லை. இழப்பீடு கேட்ட பயணிகளிடம் நிறுவனம் அசாதாரணச் சூழ்நிலை என்றது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போயிற்று. 2018 ஏப்ரல் 17 அன்று அது தீர்ப்பளித்தது: மறுசீரமைப்பு என்பது நிறுவனம் வழக்கமாக எடுக்கும் முடிவு; அதன் விளைவாக எழும் கொந்தளிப்பு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதல்ல; அந்த வேலைநிறுத்தம் உள்நாட்டுச் சட்டப்படி செல்லுமா செல்லாதா என்பதும் பொருட்டல்ல. அங்கே விதிப்படி இழப்பீடு 250 முதல் 600 யூரோ வரை. 2021இல் ஸ்காண்டிநேவிய விமானிகளின் சட்டப்படியான வேலைநிறுத்தத்திலும் அதே நீதிமன்றம் இதே திசையில் தீர்ப்பளித்தது. அது சோசலிச நீதிமன்றம் அல்ல, முதலாளித்துவ ஐரோப்பாவின் நீதிமன்றம்தான். அதற்கே புரிந்தது இது.

சரி, ஏன் நோய்விடுப்பு? முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்தியிருந்தால் பயணிகள் மாற்று ஏற்பாடு செய்துகொண்டிருப்பார்களே என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விடை சட்டத்தில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் விமானப் போக்குவரத்தைப் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று வகைப்படுத்தியது. பதினான்கு நாள் முன்னறிவிப்பு கட்டாயம். முன்னறிவிப்புக் கொடுத்தால் சமரச அதிகாரி தலையிடுவார். சமரசம் நடக்கும்போது வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம். நிர்வாகமோ சமரசத்துக்கு அதிகாரமற்ற ஆட்களை அனுப்பிக் காலம் கடத்தும். முன்வாசலைப் பூட்டிவிட்டு, ஏன் சன்னல் வழியாகக் குதித்தாய் என்று கேட்பது போன்றது இது. முன்னறிவிப்பில்லாத போராட்டம் பயணியைத்தான் அதிகம் வதைக்கிறது. அந்த வதையை உற்பத்தி செய்வது வேலைநிறுத்த உரிமையை முடக்கும் சட்டம்.

விமான ஊழியரின் காலில் ஏற்கெனவே இருந்த அந்த விலங்கு இப்போது எல்லோருக்கும் மாட்டப்பட்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தின்படி எந்தத் தொழில் நிறுவனத்திலும் பதினான்கு நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் கூடாது. பாதிப்பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு ஒரு மாதம் வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம். 2024 மே மாதத்தில் விமான நிலையங்களில் நாம் கண்டதை நாளை மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும் காணப்போகிறோம்.

பயணிகளின் மேல் நிர்வாகங்களுக்கும் அரசுக்கும் உண்மையில் எவ்வளவு அக்கறை என்பதை 2025 டிசம்பரில் நாடே பார்த்தது. விமானிகளுக்கு வாரம் 48 மணி நேர ஓய்வு, இரவுத் தரையிறக்கங்களுக்குக் கட்டுப்பாடு என்ற புதிய விதிகள் வருவது நெடுங்காலம் முன்பே தெரியும். உள்நாட்டுச் சந்தையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கையில் வைத்திருக்கும் இண்டிகோ தேவையான ஆட்களைச் சேர்க்கவில்லை. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. ஒரே ஒரு ஊழியர்கூட வேலைநிறுத்தம் செய்யவில்லை! ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஊழியர்கள் அத்தனை நாட்களில் நிறுத்தியதைப்போல ஆறு மடங்கை ஒரு நிர்வாகம் ஒரே நாளில் நிறுத்திக்காட்டியது. அரசு என்ன செய்தது? ஓய்வு விதிகளை அந்த நிறுவனத்துக்காகத் தற்காலிகமாகத் தளர்த்தியது. ஊழியர் நிறுத்தினால் பணிநீக்கம், முதலாளி நிறுத்தினால் விதிவிலக்கு.

கேபின் பணி என்றாலே புன்னகையும் ஒப்பனையும்தான் பலர் மனத்தில் வருகின்றன. அந்தப் புன்னகைக்குப் பின்னே எப்படிப்பட்ட விதிகள் இருந்தன என்பதற்கு ஒரே உதாரணம். அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியாவிலேயே பணிப்பெண் 35 வயதில் ஓய்வு பெறவேண்டும்; சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தால் வேலை போகும்; முதல் கருத்தரிப்போடும் வேலை போகும். நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கருத்தரிப்பு விதியை ரத்து செய்தது, திருமணத் தடையை ஏற்றுக்கொண்டது. அந்த அமர்வில் நம் ஜோலார்பேட்டையைச் சேர்ந்த நீதிபதி வரதராஜனும் இருந்தார். பாதி வெற்றிதான், அதுவும் பெண்கள் வழக்காடிப் பெற்றது.

இன்றைய சுரண்டல் இன்னும் நுட்பமானது. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில் அது இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேபின் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பயணிகளை ஏற்றும்போதும், விமானம் தரையில் தாமதமாகி நிற்கும்போதும் செய்யும் வேலைக்குச் சம்பளம் இல்லை என்பதே முதன்மைக் குறை. டொரொண்டோவுக்குக் குழந்தையோடு பயணம் செய்த தமிழர்களுக்குத் தெரியும், பணியாளரின் உதவி மிகவும் தேவைப்படுவது விமானம் புறப்படுவதற்கு முந்தைய அந்த அரைமணி நேரத்தில்தான். சுமார் ஐந்து லட்சம் பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். அரசு வேலைக்குத் திரும்ப ஆணையிட்டது, சங்கம் மறுத்தது, நான்காம் நாள் உடன்பாடு வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளமில்லாத வேலை என்ற செய்தியைச் சங்கம் வேலைநிறுத்தத்துக்குப் பல மாதங்கள் முன்பிருந்தே பயணிகளிடம் கொண்டுசென்றது. நிறுத்திய பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கவில்லை.

இன்னொரு கேள்வியும் தோழர்கள் மனத்தில் இருக்கிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போராட்டத்தை நடத்தியது பாரதிய மஸ்தூர் சங்கத்தோடு இணைந்த சங்கம். விற்ற அரசின் குடும்பத்துச் சங்கமே வாங்கிய முதலாளியோடு மோதுகிறது. அவர்கள் பாடு என்று நாம் ஒதுங்கலாமா? கூடாது. எந்தக் கொடியின் கீழ் திரண்டாலும் அவர்கள் தொழிலாளர்கள். தனியார்மயம் தம் உறுப்பினர்களையே வீதிக்குக் கொண்டுவரும்போது அந்தச் சங்கத்தின் தலைமை படும் அவஸ்தையை நாம் பரிகசிக்கலாம், உறுப்பினர்களை அல்ல.

நான் முன்மொழிவது இரண்டு. முதலாவது, அசாதாரணச் சூழ்நிலைப் பட்டியலிலிருந்து வேலைநிறுத்தத்தையும் தொழில் தகராறையும் நீக்கக் கோரும் மனு. அது நீங்கினால் ஒவ்வொரு ரத்தும் நிர்வாகத்தின் பணப்பையைத் தொடும்; ஊழியரோடு நேரத்தில் பேசுவது லாபம் என்று அதற்கே தோன்றும். ஊழியரும் பயணியும் ஒரே தாளில் கையெழுத்திடக் கூடிய கோரிக்கை இது. இரண்டாவது, அடுத்த முறை விமானங்கள் நிற்கும்போது விமான நிலைய வாசலில் நம் தோழர்கள் இருக்க வேண்டும், முழக்கத் தட்டியோடு மட்டுமல்ல, விசா கெடு முடிகிறவர் யார், மருத்துவமனைக்குப் போகிறவர் யார் என்று குறித்துக்கொள்ளும் நோட்டோடும்தான். அவசரப் பயணிகளுக்கு முன்னுரிமை கேட்டு நிர்வாகத்தோடு வாதாடுவதும், முடிந்தால் சங்கமே அத்தகையோருக்கு விலக்கு அறிவிப்பதும் போராட்டத்தைப் பலவீனப்படுத்தாது.

மனுவைத் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் தயாரிக்கலாம். தலைக்கு மேல் மெட்ரோ ஓடும் இந்தச் சாலையிலும் கரோல் பாக் சந்தையிலும் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் இருக்கும். முதல் கையெழுத்துகளை அங்கே வாங்குவோம். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சஃப்தர்ஜங் விமான நிலையத்தின் எதிரே இருக்கிறது. கையெழுத்துகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு நாம் விமானம் ஏற வேண்டியதில்லை.