கடிதத்தோடு இருந்த பிள்ளைகள்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கல்லூரி வென்ற கேடயங்களைப் பற்றிப் பலர் பேசுவார்கள். நாங்கள், கேடயம் எதுவும் வாங்காமல், விளையாட்டுப் பாடத்தின்போது மரநிழலில் கடிதத்தோடு இருந்த பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவர்களில் நாங்களும் இருந்தோம்.

1990 ஆவணியில் மண்டைதீவை விட்டு இடம்பெயர்ந்து, பண்ணைக்கு இந்தப் பக்கம் வந்து இங்கே சேர்ந்தவர்கள் நாங்கள். ஊர் மணலில் கிளித்தட்டு விளையாடித் திரிந்த கால்கள் எங்களுடையவை. பெரியபிள்ளையானதும் அவை நின்றுவிட்டன. ஓடாதே என்று எவரும் கட்டளையிடவில்லை. வெயிலில் நின்றால் கறுத்துப்போவாய் என்றார்கள். வெள்ளைச் சீருடையில் கறை பட்டுவிடுமோ என்ற பயம் ஒருபுறம், கடைசியாக ஓடிவந்தால் சிரிப்பார்களே என்ற கூச்சம் மறுபுறம். ஆகவே "வயிற்று நோ" என்று அம்மாவிடம் கடிதம் வாங்கினோம்.

இன்று மருத்துவர்களாக இருக்கும் எங்களிடம் அதே கடிதத்தைக் கேட்கிறார்கள். "டொக்ரர், பிள்ளைக்கு ஓ.எல். வருகுது. விளையாட்டுக்கு விடவேண்டாம் எண்டு ஒரு கடிதம் தாங்கோ" என்கிறார் தாய். தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கேட்டால், "விளையாட விருப்பம்தான் டொக்ரர், எல்லாருக்கும் முன்னால ஓடத்தான் வெக்கமாக் கிடக்கு" என்கிறாள். முப்பது வருடங்களில் மாறாத பதில் இது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2016ஆம் ஆண்டுவரையான தரவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளை ஆராய்ந்தது. 11 முதல் 17 வயதுவரையான பெண்பிள்ளைகளில் 85 வீதமானோருக்கும் ஆண்பிள்ளைகளில் 78 வீதமானோருக்கும் உடலசைவு போதாது என்று தெரியவந்தது. இந்த வயதினர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் அறிவுரை. எங்கள் நாட்டிலோ 10ஆம் வகுப்புக்கு வந்ததும் சுகாதாரமும் உடற்கல்வியும் விருப்பப் பாடமாகிவிடுகிறது. தேவை கூடும் வயதில் பாடம் கைநழுவுகிறது.

எலும்பின் பலத்தில் பெரும்பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும். அப்போது சேர்க்காததை ஐம்பதில் மாத்திரையால் முழுதாக ஈடுசெய்ய முடியாது. மாதவிடாய் நோவுக்கும் ஒழுங்கான உடற்பயிற்சி ஆறுதல் தரும். நோ கடுமையென்றாலோ, பிள்ளை படியேறவே களைத்தாலோ, அவளுக்கு வேண்டியது விலக்குக் கடிதமல்ல. குருதிச்சோகை உண்டா என்ற பரிசோதனை.

2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணிகளில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் நின்றார். அவரால் எங்கள் எல்லோருக்கும் பெருமை. ஆனால் உடற்கல்வி தர்ஜினிகளைக் கண்டுபிடிக்க மட்டும் உள்ளதல்ல. கணக்குப் பாடம் கணித மேதைகளுக்கு மட்டும் என்று நாங்கள் சொல்வதில்லையே.

2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெற் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஊரிலிருந்து படிக்கவரும் பிள்ளை, பள்ளி விட்டபின் பயிற்சிக்கு நின்றால் பஸ்ஸைத் தவறவிடுவாள். மண்டைதீவுச் சந்தியில் இறங்கி ஊருக்குள் போகமுன் இருட்டிவிடும். அவளுக்கு மைதானம் இருந்தென்ன?

பழைய மாணவிகளே, எங்கள் வேண்டுகோள் மூன்று. அடுத்த கேடயத்துக்கு முன் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள உடுப்பு மாற்றும் அறை ஒன்றைக் கட்டிக்கொடுங்கள். விளையாட்டுக்குக் கடும் நிறத்தில் நீளக் காற்சட்டையை அனுமதிக்கும்படி கேளுங்கள். பயிற்சி நாட்களில் தீவுப் பிள்ளைகள் வீடுசேர ஒரு வாகனத்துக்கு வழிசெய்யுங்கள். ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று: பரீட்சை வருகிறதென்று விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுக்காதீர்கள்.

நாங்களும் எங்கள் பங்கைத் தொடங்கிவிட்டோம். உண்மையில் ஓய்வு தேவையான பிள்ளைக்கு எத்தனை நாள் என்று குறித்துக் கொடுக்கிறோம். மற்றவர்களுக்கு, "இவர் விளையாட்டுப் பாடத்தில் கட்டாயம் பங்குபற்ற வேண்டும்" என்று எழுதுகிறோம்.

நாளைக் காலை பழைய மாணவிகளுக்கான ஓட்டம் உண்டு. மரநிழலில் இருந்தவர்கள் எல்லோரும் வாருங்கள். கடைசியாக வர நாங்கள் ஆயத்தம்.