பழைய மோட்டார் சைக்கிளும் பளபளக்கும் பூச்சும்

இத்தாலி நாட்டின் வடபால், கோமோ ஏரியின் கீழைக் கரையில், மண்டெல்லோ டெல் லாரியோ என்றொரு சிற்றூர் உண்டு. 1921 ஆம் ஆண்டு தோன்றிய மோட்டோ குசி என்னும் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் தொழிற்சாலை அவ்வூரிலேயே அமைந்தது. அங்கே ஜூலியோ சேசரே கார்க்கானோ என்னும் பொறியியலாளர் வகுத்த வீ7 என்ற வண்டி 1967 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய 700 கன சென்றிமீற்றர் கொள்ளளவு. இருபுறமும் கைவிரித்தாற்போல நிற்கும் இரண்டு சிலிண்டர்கள். சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டு. இத்தாலியப் பொலிசாரும் கலிபோர்னியப் பொலிசாரும் விரும்பி வாங்கிய உறுதியான வண்டி அது.

அரை நூற்றாண்டு கழிந்தபின் அத்தகைய வண்டி ஒன்று ஒரு கொட்டகையிலிருந்து வெளியே வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் தூசி தட்டுகின்றார். புதிய பற்றரி பூட்டுகின்றார். இயந்திரம் இரண்டொரு முயற்சியில் உயிர்பெற்று இனிமையாக ஓடுகின்றது. அவர் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. ஆயின் அந்த இனிய ஓசையை நம்பி நெடும்பயணம் புறப்படுவாராயின், இயந்திரம் முழுவதையுமே அவர் இழக்க நேரிடலாம். காரணம், சிலிண்டரின் உட்சுவரில் பூசப்பட்டிருக்கும் குரோமியம் என்னும் உலோகம்.

பழைய வண்டிகளைச் செப்பனிடுவோர் குரோமியத்தை முதலிற் சந்திப்பது சிலிண்டரில் அன்று; முன்சக்கரத்தைத் தாங்கும் கவரில். கராஜ்களில் இதனைப் போர்க் என்றே சொல்வர். பண்டைய வண்டிகளில் இது வெளியே தெரியும் சட்டங்களும் சுருள்வில்லும் கொண்டதாயிருந்தது. எண்ணெயினால் அதிர்வைத் தணிக்கும் குழாய்க் கவரை, உற்பத்தி வண்டிகளில் முதன்முதலாக 1935 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் தனது ஆர்12, ஆர்17 ஆகிய வண்டிகளிற் பொருத்தியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 இல், பிரித்தானியப் படையினரின் மட்ச்லெஸ் ஜீ3எல் வண்டி அவ்வகைக் கவரைப் பெற்றது. போருக்குப்பின் ஏனைய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன.

அதன் அமைப்பு எளிது. ஒன்றினுள் ஒன்று புகுந்து நீளவும் குறுகவும் கூடிய இரு குழாய்கள்; உள்ளே ஒரு சுருள்வில்; சிறிதளவு எண்ணெய். சக்கரம் பள்ளத்தில் விழும்போது வில் அமுங்குகின்றது. அமுங்கிய வில் உடனே துள்ளி எழாதபடி, எண்ணெய் சிறு துளைகளினூடே மெல்ல நுழைந்து அதனைத் தடுக்கின்றது. குழாய்கள் ஒன்றையொன்று உராயும் வாயிலில், எண்ணெயை உள்ளே நிறுத்தும் இறப்பர் வளையம் ஒன்று உண்டு. அதுவே ஒயில் சீல். பின்வந்த கவர்களில் உட்குழாயின் மேற்பரப்பு வன்குரோமியம் பூசி அரைத்து, கண்ணாடிபோல் ஆக்கப்பட்டது. அவ்வழவழப்பு இல்லையேல் வளையம் நிலைக்காது.

வளையத்தின் பக்கத்தில் எண்ணெய் கசிகின்றது என்று வண்டிக்காரர் வந்தால், பழுதுபார்ப்பவர்களுள் பெரும்பாலோர் செய்வது வளையத்தை மாற்றுவதே. சில வாரங்களில் மீண்டும் கசிவு. புதிய வளையத்தின் மீது பழி விழும். உண்மையிற் குற்றவாளி குழாயே. விரல் நகத்தை அதன்மீது மெல்ல இழுத்துப் பார்த்தால், ஊசிமுனை போன்ற குழிகளில் நகம் தடக்குவது தெரியும். குரோமியத்தின் நுண்ணிய வெடிப்புகளினூடே ஈரம் இறங்கி, அடியிலுள்ள உருக்கைத் துருப்பிடிக்கச் செய்து, பூச்சைக் கிளப்பிவிடுகின்றது. உப்புக் காற்று வீசும் கரையோர ஊர்களில் இது விரைந்து நிகழும். ஒவ்வோர் அசைவிலும் அக்குழியின் விளிம்பு வளையத்தின் உதட்டை அரிகின்றது. வழிந்த எண்ணெய் கீழே இறங்கித் தடுப்பானைச் சேருமாயின், மழைநாளில் ஓர் இறக்கத்தில் வண்டியை நிறுத்த இயலாமற் போவதும் உண்டு.

எனவே குழாயைக் கழற்றுவதே முறை. கழற்றியபின் அதனைச் சமதளமான தடித்த கண்ணாடிமேல் உருட்டிப் பார்க்கவேண்டும். வளைவு இருந்தால் ஒளிக்கீற்று விட்டுவிட்டுத் தோன்றும். பட்டறைகளில் ஆங்கில வீ எழுத்துப் போன்ற இரு தாங்கிகளில் கிடத்தி, அளவுமானி வைத்துச் சுழற்றி அளப்பர். சிறு வளைவை அழுத்தப்பொறியில் நிமிர்த்தலாம். மடிந்து நெளிந்ததையோ வெடித்ததையோ எறிந்துவிடுவதே அறிவு. குழி விழுந்ததை என்செய்வது? பழைய பூச்சை நீக்கி, குழாயை அரைத்து, மீண்டும் தடிப்பாக வன்குரோமியம் பூசி, முதலிருந்த அளவுக்கே அரைத்தெடுக்கவேண்டும். கைபிடிச் சட்டத்துக்கும் விளக்குக்கும் அழகுக்காகப் பூசும் குரோமியம் இதற்கு உதவாது. அது நிக்கலின்மேற் படர்ந்த, காகிதத்திலும் பன்மடங்கு மெல்லிய படலம். மின்பூச்சின்போது உருக்கினுள் ஐதரசன் வாயு புகுந்து அதனை முறியும் தன்மையுடையதாக்கக்கூடும். ஆகவே வலிமைமிக்க உருக்காயின், பூசியவுடன் ஏறக்குறைய 200 பாகை செல்சியசில் சில மணிநேரம் சூடாக்கி வைப்பர். கண்ணுக்குத் தெரியாத இவ்வேலை நடந்ததா என்று பூசுபவரைக் கேட்டறிவது நன்று.

குரோமா என்பது நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பல வண்ண உப்புகளைத் தருவதனால் இவ்வுலோகம் அப்பெயரைப் பெற்றது. மோட்டார் வண்டிக்காரர் அறிந்ததோ அதன் வெள்ளிப் பளபளப்பு ஒன்றையே.

இனிச் சிலிண்டருக்கு வருவோம். பழைய வண்டிகளில் சிலிண்டர் வார்ப்பிரும்பினால் ஆயது. பிஸ்ரன் ஓடி ஓடித் துளை தேய்ந்தால், பட்டறையில் அதனைச் சற்றே அகலமாகக் கடைந்து, பெரிய பிஸ்ரனைப் பொருத்துவர். பிரித்தானிய வண்டிகளில் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, பின்னர் 40 பங்கு என்று படிப்படியாகக் கடைவது வழக்கம். வார்ப்பிரும்பு பொறுமையானது, பலமுறை மன்னிக்கும். ஆயின் அது கனமானது, வெப்பத்தை விரைந்து வெளியேற்றாதது. அலுமினியக் கலவை ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அதேவேளை, அது மென்மையானது. பிஸ்ரன் வளையம் உராய்ந்தால் தாங்காது. இரும்பு உறை ஒன்றை உள்ளே செருகுவது ஒரு வழி. உட்சுவரிலேயே கடினமான பூச்சை ஏற்றுவது மற்றொரு வழி. மோட்டோ குசியினர் தம் வீ7 இலும், அதன் வழிவந்த வண்டிகளிலும் ஏறக்குறைய 1980 வரை இரண்டாவது வழியையே கையாண்டனர், குரோமியம் பூசினர்.

அப்பூச்சு புதிதாயிருந்தபோது நன்றாகவே உழைத்தது. தேய்வு மிகக் குறைவு. கேடு பின்னரே வந்தது. வண்டி பல்லாண்டு ஓடாது நின்றபோது, கவரில் நிகழ்ந்த அதே செயல் இங்கும் நிகழ்ந்தது. ஈரம் நுழைந்து அலுமினியத்தை அரிக்க, குரோமியம் செதிள் செதிளாகப் பெயரலாயிற்று. கவரிலிருந்து பெயர்ந்த செதிள் தெருவில் விழும். சிலிண்டரிலிருந்து பெயர்ந்ததோ மசகெண்ணெயிற் கலக்கும். முதற்கால வீ7 இயந்திரங்களில் எண்ணெய் வடிகட்டியாக ஒரு கம்பிவலை மாத்திரமே இருந்தது. மாற்றக்கூடிய வடிகட்டி 1975 ஆம் ஆண்டின் 850 டி3 வண்டியுடனேயே வந்தது. ஆகவே கடுந்துகள்கள் வலையின் கண்களினூடே நழுவி, எண்ணெயோடு சுழன்று, வளைதண்டின் தாங்கிகளை அறுக்கும். எண்ணெய் வடிக்கும் திருகாணியில் காந்தம் வைத்துப் பிடிக்கலாமே எனின், குரோமியம் காந்தத்துக்கு ஒட்டுவதில்லை!

அதனாலேயே, நன்றாக ஓடும் இயந்திரமாயினும், சிலிண்டர் எவ்வகைப்பட்டது என்று திறந்து பார்க்கவேண்டும் என அனுபவசாலிகள் வற்புறுத்துகின்றனர். காந்தம் இங்கே வேறு வகையில் உதவும். உட்சுவரில் அது வலுவாக ஒட்டினால் இரும்பு உறை. சிறிதும் ஒட்டாவிடின் பெரும்பாலும் அலுமினியத்தின்மேற் குரோமியம். கண்ணாற் காணும்போது, துளையின் விளிம்புகளை முதலில் ஆராயவேண்டும்.

இரும்பிற் கைபழகிய மெக்கானிக் பலர் தவறு செய்வது இவ்விடத்திலேயே. வழவழத்த சுவரைக் கண்டவுடன், வழக்கம்போல் சாணைக்கல் கொண்டு குறுக்குக் கோடு கீற முற்படுவர். நன்றாயிருந்த குரோமியமும் அதனாற் சிதையும். மற்றும் சிலர், உயர்ந்தது என்றெண்ணிக் குரோமியம் பூசிய பிஸ்ரன் வளையங்களை வாங்கிப் போடுவர். குரோமியத்தோடு குரோமியம் உராய்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக் கீறும். குரோமியச் சுவருக்கு வார்ப்பிரும்பு வளையமே இயைந்தது.

பூச்சுப் பெயர்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்க முடியாது. இரும்பு உறை செருகலாம். கைதேர்ந்த பட்டறை வேண்டும். இன்று பலரும் நாடுவது நிக்கசில் என்னும் பூச்சை. ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967 இல் வங்கெல் இயந்திரத்துக்காக அதனை உருவாக்கிற்று. நிக்கல் படலத்தினுள் சிலிக்கன் காபைட்டு என்னும் மிகக் கடினமான பொருளின் நுண்மணிகள் பதிந்திருக்கும். மணிகளிடையே மசகெண்ணெய் தங்கும். போர்ஷே நிறுவனத்தார் தம் 1973 மாதிரிக் கரேரா ஆர்.எஸ். 2.7 காரில் துளையை 84 மில்லிமீற்றரிலிருந்து 90 ஆகப் பெருக்கியது இப்பூச்சின் துணைகொண்டே. மண்டெல்லோவில் உள்ள கிலார்டோனி நிறுவனம் பழைய குசி வண்டிகளுக்கு இவ்வகைச் சிலிண்டர்களைச் செய்திருக்கின்றது. இதற்கும் குறையில்லாமலில்லை. 1990 களில் கந்தகம் மிகுந்த பெற்றோல் விற்கப்பட்ட நாடுகளில், பீ.எம்.டபிள்யூ., ஜாகுவார் கார்களின் நிக்கசில் சுவர்கள் அரிக்கப்பட்டன. அங்கெல்லாம் பின்னர் பெற்றோலின் கந்தகம் வெகுவாகக் குறைக்கப்பட்டது.

புதிய சிலிண்டர் வந்தவுடன் பூட்டிவிட அவசரப்படுவோர் பலர். பெயர்ந்த குரோமியம் எங்கே போயிற்று என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. வளைதண்டின் உள்ளே எண்ணெய் செல்லும் குடைவில் அழுக்குத் தங்கும் இடம் ஒன்று உண்டு. அதன் வாயைத் திருகாணி மூடியிருக்கும். பல்லாண்டுத் துகள்கள் கறுத்த களிபோல் அங்கே இறுகிக் கிடக்கும். திருகாணியைக் கழற்றி, அக்களியைச் சுரண்டி, மண்ணெண்ணெயாற் பலமுறை கழுவி, காற்றடித்துத் துளைகள் யாவும் திறந்துள்ளனவா என்று வெளிச்சத்திற் பார்த்தபின்னரே மீண்டும் பூட்டவேண்டும். இதற்கு இயந்திரத்தை முற்றாகக் கழற்ற நேரும். ஒரு வாரமும் ஆகலாம்.