புணையின் தலையும் கடையும்

எங்கள் நெளுக்குளத்திலே படகேறிச் சுற்றிப்பார்க்க ஆறில்லை. அதனாலேதான் மாணவரோடு தெற்கே சுற்றுலாப் போனபோது, பலப்பிட்டியில் மாதுகங்கையிலே சிறு இயந்திரப் படகொன்றை எங்களுக்கென்றே வாடகைக்கு அமர்த்தினோம். 2003இல் ராம்சார் பட்டியலிற் சேர்ந்த ஈரநிலம் அது. கண்டல் மரங்கள் கவிந்த ஒடுங்கிய நீர்வழிகள். அப்பால் கறுவாத் தீவு.

கூடவந்த மாணவி ஒருத்தியின் தாயார் பலகையை இறுகப் பிடித்தபடி, “சேர், அக்கரை எவ்வளவு தூரம்?” என்றார்.

“அக்கரை இல்லையம்மா. ஏறின துறைக்கே திரும்புவம்.”

அவர் நம்பவில்லை. 1993இல் ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்தபோது கிளாலிக் கடனீரேரியை இரவிலே கடந்தவர். “அக்கா படகிலை எந்தப் பக்கமோ, நானும் அந்தப் பக்கம். விழுந்தால் சேர்ந்தே விழுவம் எண்டுதான்.”

எனக்குக் குறுந்தொகை 222ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. சிறைக்குடி ஆந்தையார் பாடியது. தோழி புணையின் தலைப்பக்கம் பற்றினால் தலைவியும் தலைப்பக்கம். கடைப்பக்கம் பற்றினால் கடைப்பக்கம். புணையைக் கைவிட்டு வெள்ளத்தோடு போனால் அங்கும் போவாளாம். தோழி வழியாகவே இவளை அடையலாமெனத் தலைவன் கருதுகிறான் என்று வகுப்பிலே துறை விளக்கம் சொல்வேன். புனலாட்டு என்ற சொல்லுக்குள் இருந்த வெள்ளம் இத்தனை ஆண்டும் என் கண்ணிற் படவில்லை. படிப்பித்தவன் நான்தான்!

இயந்திரம் ஓய்ந்தது. ஏறிய அதே மரப்படி. தாயார் அதைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு, “இன்னொருக்கால் சுத்தலாமோ சேர்?” என்றார்.

படகோட்டிக்கு மறுபடி காசு கொடுத்தோம்.