பார்வை மங்கினால் மறைக்க வேண்டாம்
(நூற்றாண்டு விழா சுகாதார அமர்வில் ஆற்றிய உரை)





நூற்றாண்டு விழாவில் சந்தோசமாகப் பேச எவ்வளவோ இருக்க, எச்.ஐ.வி.யையும் கண்ணையும் ஏன் எடுத்துக்கொண்டோம் என்று நீங்கள் நினைக்கலாம். நம் ஊர்களில் இந்த நோயின் பெயரைச் சொல்லவே வெட்கப்படுகின்றோம். அந்த வெட்கம் ஒருவருடைய பார்வையைப் பறித்துவிடக் கூடும்.

கண் காண்பதை மூளைக்குக் கொண்டு செல்வது பார்வை நரம்பு. அதில் சுமார் 12 இலட்சம் நுண்ணிய இழைகள் உள்ளன. கண்ணில் புரை விழுந்தால் சத்திரசிகிச்சை செய்து வில்லை வைக்கலாம். அழிந்த நரம்பிழை மீண்டும் வளராது. ஆகவே, நேரத்தோடு கண்டுபிடிப்பதே வழி.

எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியைக் குறைத்ததும் மற்றக் கிருமிகள் புகுந்துவிடுகின்றன. கிரிப்டோகொக்கஸ் என்ற பூஞ்சணம் மூளையுறையில் அழற்சியை உண்டாக்கி, தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டி, நரம்பை நெரிக்கும். சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையையும் நரம்பையும் கெடுக்கும். சிபிலிசும் நரம்பைத் தாக்கும். அதைப் பெனிசிலினால் குணப்படுத்தலாம்.

மருந்தாலும் பாதிப்பு வரலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். அதற்குக் கொடுக்கும் எதம்பியூட்டோல் மாத்திரை சிலருடைய பார்வை நரம்பைப் பாதிக்கிறது. சிவப்பும் பச்சையும் மங்கித் தெரிவது அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இவற்றில் பலவற்றுக்குக் கண்ணில் நோவே இருக்காது. ஓதும்போது எழுத்து மங்கினால் வெள்ளெழுத்து என்று கண்ணாடியை மாற்றிக்கொண்டு இருந்துவிடுகின்றோம். கண் கிளினிக்குக்குப் போனாலும், எச்.ஐ.வி. இருப்பதை வைத்தியரிடம் மறைப்பவர்கள் உண்டு. அவர் வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருக்க, நாட்கள் போய்விடும். ஆகவே, கண் வைத்தியரிடம் எச்.ஐ.வி.யைச் சொல்லுங்கள், எச்.ஐ.வி. கிளினிக்கில் கண்ணைச் சொல்லுங்கள். விடாத தலையிடியும் காய்ச்சலும் சேர்ந்து பார்வை மங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கணவனிடமிருந்து தெரியாமலே தொற்றிய மனைவிமாரும் நம் நாட்டில் உண்டு. அவர்களைப் பற்றிக் கதைப்பதால் யாருக்கும் நன்மையில்லை.

இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. முதன்முதலில் 1987இல் கண்டறியப்பட்டது. இன்று அரசாங்கக் கிளினிக்குகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல்முனையிலும் அத்தகைய பாலியல் நோய் சிகிச்சை நிலையம் உண்டு. கடிதம் தேவையில்லை, இரகசியம் காக்கப்படும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மார் வெட்கப்படாமல் பரிசோதனைக்கு வந்ததும் அதற்கு ஒரு காரணம். மருந்தை ஒழுங்காக எடுத்தால் எதிர்ப்புச் சக்தி மீளும். கண்ணும் பெரும்பாலும் காப்பாற்றப்படும்.

வீட்டிலோ அயலிலோ ஒருவர் பார்வை மங்குகிறது என்று சொன்னால், ஏன் வந்தது என்று விசாரிக்காமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போவோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் சுகத்தைத் தருவானாக. ஆமீன்.