வெட்டப்பட்டிருக்கும் காடு



மொழியியல் படித்தவனுக்குக் காட்டுக் கரிமத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். காடு காக்கும் கரிமத் திட்டங்களின் மதிப்பு ஒரு வினைமுற்றைப் பொறுத்து நிற்கிறது என்பதே என் விடை.

மரத்தை அளப்பது பெருஞ்சிக்கல் அன்று. மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து உலர் எடையைக் கணிக்கிறார்கள். அதில் ஏறத்தாழப் பாதி கரிமம். அதனை 44/12 ஆல் பெருக்கினால் கரியமில வாயுவின் எடை கிடைத்துவிடும்.

ஆனால் காடழிப்பைத் தடுக்கும் திட்டத்துக்குக் கரிம வரவு வழங்கப்படுவது நிற்கும் மரத்துக்காக அன்று. 'திட்டம் இல்லாதிருந்தால் இம்மரங்கள் வெட்டப்பட்டிருக்கும்' என்னும் கூற்றுக்காக. 'நேற்று மழை பெய்திருக்கும்' என்பது ஊகம். வெளியே சென்று நிலம் நனைந்துள்ளதா என்று பார்க்கலாம். 'மேகம் கலையாதிருந்தால் மழை பெய்திருக்கும்' என்பதிலும் அதே வினைமுற்றுத்தான். ஆனால் அது நிகழாதது. அதை எங்கே சென்று பார்ப்பது?

ஒப்பீடு ஒன்றே வழி. தேல்ஸ் வெஸ்ட் குழுவினர் 2023இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், கம்போடியா, பெரு உள்ளிட்ட ஆறு நாடுகளின் 26 திட்டங்களை, இயல்பில் ஒத்த, திட்டம் இல்லாத நிலங்களோடு ஒப்பிட்டனர். பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. குறைத்தவையும் சொன்னதைவிடக் குறைவாகவே குறைத்தன. வியப்பில்லை. அடிப்படை அளவை உயர்த்தி வைக்க வைக்க, விற்கக் கிடைக்கும் வரவும் உயர்கிறது. அத்திட்டங்களில் அதை வகுத்தவரோ பெரும்பாலும் விற்பவரே! ஒத்த நிலம் எது என்பதில் இந்த ஆய்வை மறுத்தவர்களும் உண்டு. அம்மறுப்பு பொருளுடையது, ஆயினும் வழக்கு சரியான இடத்தில் நடக்கிறது.

'கசிவு' என்னும் கலைச்சொல் எனக்கு உவப்பில்லை. ஏதோ வளி ஒழுகுவதாக மாணவர் எண்ணுவர். காவல் உள்ள காட்டை விட்டு, வெட்டுவோர் அடுத்த காட்டுக்குப் போவதே அதன் பொருள். 'வெட்டின் இடமாற்றம்' என்றால் தெளியும். நிலைபேறு பற்றி நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. 1997இலும் 2015இலும் சுமத்ரா, கலிமந்தான் தீயின் புகை நம் வீடுகளுக்குள்ளேயே வந்தது. அங்குள்ள சதுப்புக் காடுகளில் கரிமத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. மரத்தை மட்டும் அளந்தால் அது கணக்கில் விடுபட்டுப்போகும்.

சிங்கப்பூரில் கரிம வரி செலுத்தும் நிறுவனங்கள், 2024 முதல், வரிக்குரிய உமிழ்வில் 5 விழுக்காடு வரை தகுதிபெற்ற வெளிநாட்டு வரவுகளால் ஈடுசெய்யலாம். ஆசிரியர்களே, இத்தகைய திட்ட ஆவணம் ஒன்றின் இரண்டு பக்கங்களை வகுப்பில் தமிழாக்கச் சொல்லுங்கள். 'இருந்திருக்கும்', 'ஆகியிருக்கும்' என முடியும் வாக்கியங்களை மாணவர் அடிக்கோடிடட்டும். ஒவ்வொன்றின் அருகிலும், எந்த நிலத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று எழுதட்டும்.