கந்தோர்க் கல்வி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



எனக்கு முன்னர் இம்மேடையிலே பேசியோர் சமயத்தையும் இலக்கியத்தையும் பற்றிச் சுவைபடப் பேசினார்கள். நானோ கோவை, கடிதம், பதிவேடு என்பவற்றைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். இது வரண்ட விடயம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் எம்மில் ஒவ்வொருவருடைய வாழ்வும் பிறப்புப் பதிவு தொடங்கி இறப்புப் பதிவு வரையில் ஏதோ ஒரு கந்தோரின் அலுமாரியிலே தங்கியிருக்கின்றது. ஆதலாற் சிறிது பொறுமையுடன் செவிமடுக்குமாறு வேண்டுகின்றேன்.

நான் பல்கலைக்கழகத்திலே கலைமாணிப் பட்டத்துக்குப் பயின்று வருகின்றேன். அதனோடு கடந்த ஓராண்டாகச் சனி, ஞாயிறு தினங்களில் அலுவலக நிருவாகமும் முகாமைத்துவமும் என்னும் டிப்ளோமா வகுப்புக்கும் போய் வருகின்றேன். இச்செய்தி ஊரிலே பரவியதும் உறவினர் ஒருவர், "பட்டப் படிப்புப் படிக்கிற பிள்ளைக்குக் கிளாக்கர் படிப்பு என்னத்துக்கு?" என்று கேட்டார். வேறொருவர், "நல்லது, நல்லது! இனி உத்தியோகம் கைக்குள்ளை" என்று வாழ்த்தினார். முதலாமவர் இப்படிப்பை இழிவாக எண்ணினார். இரண்டாமவர் இதனை உத்தியோகத்துக்கு ஒரு சீட்டாக எண்ணினார். இருவருடைய எண்ணமும் தவறு என்பதே இன்று நான் கூற வந்தது.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. இதனை இன்று நாம் நகைப்புக்காகச் சொல்கின்றோம். எமது முன்னோர் நகைப்புக்காகச் சொல்லவில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே செமினரியைத் தொடங்கினர். பிற மிஷன்களும் பாடசாலைகளை அமைத்தன. நானும் அத்தகைய மிஷன் பாடசாலை ஒன்றிலேதான் படித்தேன். அப்பாடசாலைகளிலே ஆங்கிலம் கற்றோர் கொழும்புக் கந்தோர்களுக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கடல் கடந்து மலாயாவின் புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, திறைசேரி முதலியவற்றுக்கும் இலிகிதர்களாகப் போயினர். அவர்கள் அனுப்பிய பணத்தினாலே இங்கு வீடுகளும் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் எழுந்தன. 'மலாயன் பென்சனியர்' என்ற சொல் எம் ஊர்களிலே எவ்வளவு மதிப்புடன் வழங்கியது என்பதைப் பெரியோர் அறிவீர்கள். தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கிய முத்தையா அவர்களும் யாழ்ப்பாணத்திலே பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று உழைத்தவரே.

அந்த இலிகிதர்களின் சம்பளத்தையும் பென்சனையும் நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கின்றோம். அவர்கள் அந்த மேசையிலே காத்த ஒழுங்கை மறந்துவிட்டோம். முன்னர் இலிகிதர் எனப்பட்டவர் இன்று அரசாங்கக் கந்தோரிலே முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் எனப்படுகின்றார். பெயர் மாறினாலும் கடமை அதுவேதான்: வந்த கடதாசியைப் பதிந்து, உரிய இடத்திற் சேர்த்து, கேட்டபோது எடுத்துக் கொடுத்தல். இது சிறிய கடமையன்று என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கின்றேன்.

என் தந்தையார் ஆசிரியராகக் கடமையாற்றிச் சேவையில் இருக்கும்போதே காலமானார். எனக்கு அப்போது வயது பதினைந்து. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்காக என் தாயார் ஒரு கந்தோருக்கு நடக்கத் தொடங்கினார். எந்தக் கந்தோர் என்பது இங்கு வேண்டியதில்லை. "கோவை கிடைக்கவில்லை, அடுத்த கிழமை வாருங்கோ" என்றார்கள். அடுத்த கிழமை போனார், அதே மறுமொழி. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பாடசாலை விடுமுறையிலே நானும் உடன் போய் வாங்கிலில் இருப்பேன். எவரும் எங்களை ஏசவில்லை. எவரும் கைக்கூலி கேட்கவுமில்லை. எல்லோரும் அலுமாரியைத் திறந்து தேடினார்கள். கோவை மாத்திரம் இல்லை. நாலு மாதம் கழிந்தது. அதற்கிடையில் என் தாயார் தம் காப்புச் சோடியை அடைவு வைத்தார்.

எட்டாம் முறை போனபோது, இளைப்பாறும் வயதை அண்மித்த உத்தியோகத்தர் ஒருவர் எழுந்து வந்து, "அம்மா, மாஸ்டரின்ரை தகப்பனார் பேர் என்ன?" என்று கேட்டார். என் பாட்டனாரின் பெயரைச் சொன்னோம். அவர் வேறோர் அலுமாரியைத் திறந்தார். பத்து நிமிடத்திற் கோவை வந்துவிட்டது. என் தந்தையாரின் கோவை அவர் பெயரின் கீழ் அன்றி, அவருடைய தகப்பனாரின் பெயரின் கீழ் அடுக்கப்பட்டு, அந்த நாலு மாதமும் அதே அறையிலே இருந்திருக்கின்றது!

அன்று எனக்கு இது விதியின் செயலாகத் தோன்றியது. டிப்ளோமா வகுப்பிலே பதிவேட்டு முகாமைத்துவம் என்னும் பாடம் கற்றபோதுதான் இது விதியன்று, விதிமுறை இல்லாமையே என்று விளங்கியது. மேல்நாட்டார் பெயரிலே குடும்பப் பெயர் ஒன்று நிலையாக நிற்கின்றது. அதனைக் கொண்டு அகரவரிசைப்படி அடுக்குகின்றார்கள். தமிழர் பெயரிலோ முன்னே நிற்பது தகப்பன் பெயர். கந்தையா சண்முகநாதன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் உத்தியோகத்தர் அவரைக் கந்தையாவின் கீழ் வைப்பார். அடுத்து வருபவர் சண்முகநாதனின் கீழ் தேடுவார். சண்முகநாதனை ஆங்கிலத்தில் எழுதினாலோ ஒருவர் 'எஸ்' என்றும், ஒருவர் 'எஸ்-எச்' என்றும், ஒருவர் 'சி-எச்' என்றும் தொடங்குவார். ஆகவே ஒரு கந்தோரிலே முதலில் செய்யவேண்டியது, எந்தப் பெயரைக் கொண்டு அடுக்குவது என்று ஒரு விதி வகுத்து எழுதி வைத்தலாகும். அடுத்து, மற்றப் பெயரின் கீழ் தேடுவோருக்காக 'இன்ன இடத்திற் பார்க்க' என்று ஒரு துண்டு வைத்தல். மூன்றாவது, கோவையை எடுத்தவர் தம் பெயரையும் திகதியையும் எழுதிய அட்டை ஒன்றை அவ்விடத்தில் வைத்துவிட்டு எடுத்தல். இவை மூன்றும் இருந்திருப்பின் என் தாயாரின் காப்பு அடைவுக் கடைக்குப் போயிராது.

அவ்வகுப்பிலே கற்பிக்கும் வேறு சிலவற்றையும் சுருக்கமாகக் கூறுகின்றேன். பிரான்சு தேசத்திலே சுரங்கப் பொறியியலாளராகத் தொடங்கி, 1888ஆம் ஆண்டு நட்டத்தில் வீழ்ந்திருந்த ஒரு கம்பனியைப் பொறுப்பேற்று நிமிர்த்திய ஹென்றி ஃபயோல் என்பவர் 1916ஆம் ஆண்டிலே நிருவாகத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் கூறிய பதினான்கு தத்துவங்களை நாம் கற்கின்றோம். அவற்றுள் அதிகாரப் படிவரிசை என்பது ஒன்று. ஒரு பகுதியிலுள்ள கீழ்நிலை உத்தியோகத்தர் மற்றப் பகுதியிலுள்ள உத்தியோகத்தரிடம் ஒரு விபரம் பெறவேண்டுமாயின், கடிதம் படிப்படியாக உச்சிக்கு ஏறி, மறுபுறம் படிப்படியாக இறங்க வேண்டும். ஆனால் மேலதிகாரிகளின் அனுமதியுடனும் அறிவுடனும் அவ்விருவருக்கும் இடையே நேராக ஒரு பாலம் போடலாம் என்றும் ஃபயோலே கூறுகின்றார். படிவரிசையை மாத்திரம் மனனஞ்செய்து பாலத்தை மறந்த கந்தோர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம்.

ஜெர்மனிய அறிஞர் மாக்ஸ் வெபருடைய கருத்துக்களையும் படிக்கின்றோம். அவர் 1920இற் காலமானபின் 1922இல் வெளிவந்த நூலிலே, கந்தோர் வேறு, அதில் அமர்ந்திருக்கும் ஆள் வேறு என்று விளக்குகின்றார். அதிகாரம் பதவிக்கு உரியது; கடதாசியும் பதவிக்கு உரியது. உத்தியோகத்தர் மாறிப் போகும்போது கோவையின் விபரம் அவர் மண்டையோடு போகலாகாது. எமது வள்ளுவப் பெருமானும் ஆளை ஆராய்ந்து வேலையை ஒப்படைப்பதற்கென்றே தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். ஆகையால் முகாமைத்துவம் முற்றிலும் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணவேண்டாம்.

இனி, தொழிற் சட்டம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி, கிழமைக்கு நாற்பத்தைந்து மணி என வேலை நேரத்தை வரையறுக்கின்றது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் குறைந்தது 8 சதவீதமும் தொழில் தருநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். என்னோடு படிக்கும் சகோதரி ஒருவர் கடையொன்றிலே கணக்கெழுதுகின்றார். தம் சம்பளத்திற் கழிக்கப்படும் 8 சதவீதமே சேமலாப நிதி முழுவதும் என்று அவர் நம்பியிருந்தார். அப்பாடம் நடந்த அன்று அவர் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு நெடுநேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் உரிமையை அறிவதற்கும் இக்கல்வி உதவும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், பொதுக் கந்தோர்கள் தம் பதிவேடுகளைப் பட்டியலிட்டு ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று விதிக்கின்றது.

கணினி வந்துவிட்டதே, இனிக் கோவை அடுக்குவது எதற்கு என்று வாலிப நண்பர்கள் கேட்பார்கள். பாமினி எழுத்துருவிலே தட்டெழுதிய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்து பாருங்கள். தமிழ் எழுத்தைக் காணமாட்டீர்கள். யூனிக்கோட்டிலே எழுதினால் எங்கும் வாசிக்கலாம், தேடலாம். ஆனால் 'கடிதம் 1', 'புதிய கடிதம்', 'கடைசிக் கடிதம்' என்று பெயரிட்டு வைத்தால் எந்தக் கணினிதான் என்ன செய்யும்? ஒழுங்கற்ற அலுமாரியே ஒழுங்கற்ற கணினியாக மாறும்.

இதுவரை பிறர் குறையையே பேசினேன். இனி என் குறையையும் சொல்லவேண்டும். சென்ற வருடம் நான் இச்சங்கத்தின் உதவிச் செயலாளராக இருந்தேன். எம் பெரியவர் ஒருவர் வாசிகசாலைக்கு ஐயாயிரம் ரூபாய் தந்தார். பணத்தைப் பொருளாளரிடம் அன்றே சேர்த்துவிட்டேன். பற்றுச்சீட்டு எழுதவில்லை, பெயரைப் பாடக்கொப்பியின் பின்புறத்திலே குறித்தேன், அந்தக் கொப்பி எங்கோ போயிற்று. பொதுக்கூட்டத்திலே கணக்கு வாசிக்கப்பட்டபோது 'நன்கொடை ரூபாய் 5,000' என்று மாத்திரம் இருந்தது. கூட்டம் முடிந்தபின் அப்பெரியவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் தடுமாறினேன். "பறவாயில்லைப் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். பணம் தொலையவில்லை, அவர் பெயரை நான் தொலைத்துவிட்டேன். அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்தபோது, வாங்கிலில் இருந்த என் தாயாரின் முகம் என் நினைவுக்கு வந்தது. எந்தக் கந்தோரைக் குறித்து மனம் வெந்தேனோ, அக்கந்தோரின் பிழையையே நானும் செய்திருந்தேன். அப்பெரியவர் இன்று இச்சபையிலே இருக்கின்றார். ஐயா, எல்லோர் முன்னிலையிலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கின்றேன். செயற்குழுவின் அனுமதியுடன் புதிய பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று தொடங்கியுள்ளோம். அதன் முதலாம் இலக்கச் சீட்டு உங்கள் பெயரில் எழுதப்பட்டிருக்கின்றது.

ஒரு சமூகம் தன் கடதாசிகளை இழப்பது எத்தகைய துயரம் என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்டவர்களும், 1995ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் மடியிலே கட்டிக்கொண்டு நடந்தவர்களும் இச்சபையில் இருக்கின்றீர்கள். நெருப்பும் போரும் கொண்டு போனவற்றை நாம் தடுக்க முடியவில்லை. அசட்டையினாலே போவதையாவது தடுக்கலாம் அல்லவா?

ஆகவே சில வேண்டுகோள்கள். சங்கத்துக்கு வரும் கடிதத்துக்கும் போகும் கடிதத்துக்கும் தனித்தனிப் பதிவேடு வைப்போம். கூட்டக் குறிப்பை அடுத்த கூட்டத்திலே வாசித்து, உறுதிப்படுத்தி, கையொப்பமிட்டு வைப்போம். தளபாடங்களுக்கும் நூல்களுக்கும் பொருட்பட்டியல் எழுதுவோம். எல்லாவற்றுக்கும் பிரதியெடுத்து வேறோர் இடத்திலும் காப்போம். பெரியோர்களே, உங்களுள் இளைப்பாறிய இலிகிதர்கள், கணக்காளர்கள், தபாலதிபர்கள் பலர் இருக்கின்றீர்கள். மாதம் ஒரு மாலைப் பொழுதிலே எங்களுக்கு இவற்றைப் பழக்குங்கள். எந்த டிப்ளோமாவிலும் இல்லாத பாடம் உங்களிடம் உண்டு. தகப்பனார் பெயரைக் கேட்ட அந்த உத்தியோகத்தரின் பாடம் அது.

இக்கல்வியை நாடும் வாலிப அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. விளம்பரத்தைக் கண்டு பணம் கட்டாதீர்கள். அந்நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற் கல்வி ஆணைக்குழுவிலே பதிவு பெற்றதா என்றும், பாடநெறி தேசிய தொழிற் தகைமையின் எந்த மட்டத்துக்கு உரியது என்றும் கேளுங்கள். அத்தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. முதல் நாலும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டத்துக்கு ஒப்பானது. டிப்ளோமா பெற்ற மறுநாள் உத்தியோகம் வாசலிலே வந்து நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். உத்தியோகம் கிடைக்கலாம், கிடையாமலும் போகலாம். ஆனால் நாம் எங்கே அமர்ந்தாலும், எமது மேசைக்கு முன்னே ஒரு தாய் எட்டு முறை வந்து நிற்க வேண்டிய நிலை வரலாகாது. அதற்காகவே நான் இதனைப் படிக்கின்றேன்.